கடன் கொடுத்த கை

உங்கள் இடது கையை மடியில் மல்லாத்தி வைத்துக் கொள்ளுங்கள். மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, கட்டைவிரல் பக்கமாக, வலது கை விரல்கள் இரண்டை வைத்து லேசாக அழுத்துங்கள். டக், டக் என்று அடிக்கிறதா? அந்தக் காலத்து வைத்தியர் வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் காரியமாகத் தேடிப் பிடிப்பாரே, அதே நாடிதான். ஆண்களானால் வலக்கை, பெண்களானால் இடக்கை என்று அதற்கு ஒரு கணக்குக்கூட உண்டு. இப்போது அந்த நாடிக்கு மேலே இருக்கும் தோலைக் கிள்ளிப் பாருங்கள். மெல்லிசாக, மிருதுவாக, நன்றாகத் துவைத்த மல் துணி மாதிரி மடிகிறது அல்லவா?

அந்தத் தோலைக் கொண்டு ஒருவருக்குப் பாதி நாக்குச் செய்து கொடுக்கிறார்கள் என்றால் ஆச்சரியமாக இருக்கும். ஆனால் நிஜம்.

புகையிலையும் வெற்றிலைப் பெட்டியும் புழங்குகிற நம் தேசத்தில் வாய்ப் புற்றுநோய் எவ்வளவு சகஜம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. நாக்கில் கெட்டுப்போன பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, மிஞ்சியதை இழுத்துப் பிடித்துத் தைத்துவிட்டால், நாக்கு வாயின் அடித்தளத்தோடு ஒட்டிக் கொண்டு விடும். பேச்சு குழறும். ஒரு கவளம் ரசம் சாதத்தைப் புரட்டி உள்ளே தள்ளுவதே பெரும் பாடாகி விடும். ஆகவே முன்கையிலிருந்து தோல், அதன் அடியில் உள்ள கொழுப்பு, அதற்கு ரத்தம் கொண்டு வரும் நாடி, திரும்பிப் போகும் சிரை எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்து, வாய்க்குக் கொண்டுபோய், வேண்டிய வடிவத்தில் தைத்து விடுகிறார்கள். கழுத்தில் ஓடும் ரத்தக் குழாய்களோடு இந்தக் குழாய்களை இணைக்க வேண்டும். குழாயின் அகலமே இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி, தலைமயிரைவிட மெல்லிய நூலால் தைக்கிறார்கள். நமக்கு ரவிக்கைக்கு ஹூக் தைக்கவே கண்ணாடி வேண்டியிருக்கிறது!

இப்படி எடுக்கும் துண்டுக்கு டாக்டர்கள் 'ஃபிளாப்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வராந்தாவில் காத்திருக்கும் குடும்பத்தாரிடம் வந்து, "ஃபிளாப் நன்றாக இருக்கிறது" என்று அவர்கள் சொன்னால் திடுக்கிட வேண்டாம். சினிமாப் படத்துக்குச் சொல்கிற ஃபிளாப் வேறு.

எல்லோரும் விசாரிப்பது வாயைத்தான். "நாக்கு ஒட்டிக் கொண்டதா? பேசுகிறாரா? எப்போது சாப்பிடலாம்?" ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வருகிறவர்களும் வாயைத்தான் பார்க்கிறார்கள். பக்கத்தில், தலையணை மேல் பெரிய கட்டோடு ஒரு கை கிடக்கிறது. அது கொடுத்த கை. அதற்கும் காயம் உண்டு, ஆபத்து உண்டு, பல மாதம் நீடிக்கும் சங்கடங்களும் உண்டு. இந்தக் கட்டுரை அந்தக் கையைப் பற்றியது.

ஓரிடத்தில் எடுத்து இன்னோரிடத்தில் வைப்பது என்றால், எடுக்கிற இடம் எது என்ற கேள்வி வைத்தியத்துக்குப் பழைய கேள்வி. மூக்கறுபட்டவனுக்குக் கன்னத்துச் சதையால் மூக்கு வைக்கும் முறையை சுசுருதர் சொல்லியிருக்கிறார். திப்பு சுல்தானோடு நடந்த போரில், ஆங்கிலேயப் பட்டாளத்தில் மாட்டு வண்டி ஓட்டிய காவஸ்ஜி என்பவர் பிடிபட்டு மூக்கை இழந்தார். அவருக்குப் புனாவுக்குப் பக்கத்தில் நெற்றித் தோலைக் கொண்டு புது மூக்கு வைத்த செய்தி, 1794-ல் லண்டன் பத்திரிகையில் படத்தோடு வெளியாகி ஐரோப்பாவையே அசத்தியது. ஆனால் கன்னமானாலும் நெற்றியானாலும் வடு முகத்திலேயே தங்கிவிடும். இத்தாலியில் பொலோனியா நகரத்து டாக்டர் காஸ்பரே தாலியாகோத்ஸி வேறு வழி பிடித்தார். மேல்கையில் ஒரு பட்டைத் தோலைக் கிளப்பி, ஒரு முனை கையிலேயே இருக்க, மறுமுனையை மூக்கில் தைத்து, கையைத் தலையோடு சேர்த்து வார்களால் கட்டி விடுவாராம். வாரக்கணக்கில் அப்படியே இருக்க வேண்டும். இதைப் படங்களோடு அவர் புத்தகமாகப் போட்டது 1597-ல். கையிலிருந்து கடன் வாங்கும் வித்தை அவ்வளவு பழசு.

முன்கையிலிருந்து துண்டை அடியோடு அறுத்தெடுத்து வேறு இடத்தில் நடுகிற இன்றைய முறை சீனாவிலிருந்து வந்தது. யாங் குவோஃபான் என்ற டாக்டரும் அவர் கூட்டாளிகளும் 1981-ல் அதைப் பற்றி எழுதினார்கள். 'சீன ஃபிளாப்' என்ற பெயரும் அதனால்தான். 1983-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர டாக்டர்கள், வாய்க்குள் வைத்துத் தைக்க இதைவிட வசதியான தோல் இல்லை என்று எழுதிய பிறகு, உலகெங்கும் பரவிவிட்டது.

இரண்டு குழாய் உள்ள ஊர்

நாடியையே எடுத்துவிட்டால் உள்ளங்கைக்கு ரத்தம் ஏது என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கைக்கு இரண்டு பெரிய ரத்தக் குழாய்கள் வருகின்றன. ஒன்று கட்டைவிரல் பக்கம் வரும் இந்த நாடி. மற்றொன்று சுண்டுவிரல் பக்கம். இரண்டும் உள்ளங்கையில் வளைந்து ஒன்றோடொன்று சேருகின்றன. ஒரு ஊருக்குக் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் குடிநீர்க் குழாய் வந்தால், ஒன்றை மூடினாலும் தண்ணீர் கிடைக்கும் அல்லவா? ஆனால் சிலருக்கு அந்த வளைவு சரியாகச் சேர்ந்திருக்காது. அப்படிப்பட்டவர் கையிலிருந்து நாடியை எடுத்தால் விரல்களுக்கே ஆபத்து.

இதைக் கண்டுபிடிக்க ஒரு காசு செலவில்லாத பரீட்சை இருக்கிறது. அமெரிக்க டாக்டர் எட்கார் ஆலன் 1929-ல் வேறொரு வியாதிக்காக எழுதி வைத்தது. நோயாளியை முஷ்டி பிடிக்கச் சொல்லி, மணிக்கட்டில் இரண்டு குழாய்களையும் டாக்டர் அழுத்திக் கொள்வார். கையைத் திறந்தால் உள்ளங்கை வெளுத்திருக்கும். சுண்டுவிரல் பக்கத்துக் குழாயை மட்டும் விடுவார். சில விநாடிகளில் சிவப்பு ஏறினால் சரி. ஏறத் தாமதமானால் அந்தக் கை வேண்டாம். இப்போது இதோடு ரத்த ஓட்டத்தை ஒலியால் கேட்கும் கருவியையும் வைத்துப் பார்க்கிறார்கள்.

இங்கே வீட்டார் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. இந்த நாளில் இருதய ரத்தக் குழாயைப் பார்க்கும் ஆஞ்சியோகிராம் என்பதை மணிக்கட்டு நாடி வழியாகவே பலருக்கும் செய்கிறார்கள். அதற்குப் பிறகு சிலருக்கு அந்த நாடி அடைத்துப் போவதுண்டு. "நாலு வருஷம் முன்பு நெஞ்சு வலிக்கு இந்தக் கையில்தான் குழாய் விட்டார்கள்" என்று நீங்கள் சொன்னால்தான் சர்ஜனுக்குத் தெரியும். டயாலிசிஸ் செய்து கொள்பவர், அந்தக் கையில் எலும்பு முறிந்து கம்பி வைத்தவர், பழைய தீக்காயம் உள்ளவர் எல்லோரும் சொல்ல வேண்டும். எந்தக் கை என்று தீர்மானமான பிறகு அந்தக் கையில் ரத்தம் எடுக்கவோ, குளுக்கோஸ் ஏற்ற ஊசி குத்தவோ விடக் கூடாது. சிரை கெட்டுவிட்டால் துண்டு பிழைப்பது கஷ்டம். பாவம், ராத்திரி டியூட்டிக்குப் புதிதாக வரும் நர்ஸுக்கு இது தெரியாமல் போகலாம். நீங்கள் சொல்லுங்கள்.

எந்தக் கை?

வழக்கமாக எழுதாத கையிலிருந்து எடுப்பார்கள். பெரும்பாலோருக்கு இடக்கை. நம் வீடுகளில் இதில் ஒரு சிக்கல். இடக்கைப் பழக்கமுள்ள குழந்தையை அதட்டி உருட்டி வலக்கையால் சாப்பிடவும் எழுதவும் பழக்கி விடுகிறோம். ஐம்பது வயதில் அந்தக் குழந்தை வலக்கையால் கையெழுத்துப் போடும். ஆனால் காய் நறுக்குவது, சுத்தியல் பிடிப்பது, ஊசியில் நூல் கோப்பது எல்லாம் இடக்கைதான். சர்ஜன் கையெழுத்தைப் பார்த்து முடிவு செய்துவிடக் கூடாது பாருங்கள்.

என் அபிப்பிராயம், எழுதுகிற கை எது என்று கேட்டால் மட்டும் போதாது. அந்தக் கை என்ன வேலை செய்கிறது என்று கேட்க வேண்டும். வீணை வாசிப்பவருக்குத் தந்தியை மீட்டுவது வலக்கை. மெட்டுகளின் மேல் ஓடி ஸ்வரத்தையும் கமகத்தையும் கொடுப்பது இடக்கை. அவருக்கு எது முக்கியமான கை? பூத்தொடுத்து ஜீவனம் செய்யும் அம்மாளுக்கு இரண்டு கையின் கட்டைவிரலும் வேண்டும். இதையெல்லாம் முன்னாலேயே வாய்விட்டுச் சொன்னால் தொடையிலிருந்து எடுக்க முடியுமா என்று சர்ஜன் யோசிப்பார். தொடையில் எடுக்கும் முறை 1984-ல் சீனாவிலிருந்தே வெளிவந்தது. வடு புடவைக்குள் மறைந்துவிடும். சாதாரணமாகத் தைத்தே மூடிவிடலாம். ஆனால் தொடையில் கொழுப்பு ஜாஸ்தி உள்ளவருக்கு நாக்கு தடியாகிவிடும். மேல்கையின் வெளிப்பக்கத்திலிருந்தும் எடுப்பதுண்டு. அங்கே பெரிய நாடியை இழக்க வேண்டியதில்லை. ஆனால் குழாய்கள் சிறியவை. முன்கையின் பின்புறம் மரத்துப் போகும். எல்லாவற்றுக்கும் ஒரு விலை இருக்கிறது.

பேச முடியாதவரின் கை

இப்போது ஆபரேஷன் முடிந்து முதல் இரண்டு மூன்று நாட்கள். நோயாளியின் நாக்கு வீங்கியிருக்கும். மூச்சுக்காகத் தொண்டையில் துவாரம் வைத்திருப்பார்கள். அவரால் பேச முடியாது. கட்டு இறுக்குகிறது, விரல் விறைக்கிறது என்று சொல்வதற்கு வாய் இல்லை. எழுதுகிற கையை ஏன் விட்டு வைக்கிறார்கள் என்பது அப்போதுதான் நன்றாகப் புரியும். ஒரு சிலேட்டோ நோட்டுப் புத்தகமோ அந்தக் கைக்கு எட்டும்படி வைத்திருங்கள்.

கட்டுக்கு வெளியே தெரியும் விரல் நுனிகளைப் பாருங்கள். சிவந்து, வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்து, உடனே சிவக்க வேண்டும். விரல்கள் ஜில்லிட்டு, வெளுத்தோ நீலம் பாரித்தோ இருந்தாலும், மணிக்கு மணி வலி ஏறிக் கொண்டே போனாலும், காலையில் டாக்டர் ரவுண்டு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த நிமிஷமே நர்ஸைக் கூப்பிட வேண்டும். ரத்தம் நின்றுபோவது அபூர்வம்தான். சில சமயம் கட்டு இறுகியதே காரணமாக இருக்கும், தளர்த்தினால் சரியாகிவிடும். ஆனால் அதை நீங்கள் தளர்த்தக் கூடாது. கை தலையணை மேல், நெஞ்சைவிட உயரமாக இருந்தால் வீக்கம் குறையும்.

இன்னொன்று. அந்த மணிக்கட்டில் இனி பழைய இடத்தில் நாடி தட்டுப்படாமல் போகலாம். பார்க்க வந்த பெரியவர் யாராவது பிடித்துப் பார்த்து, "ஐயோ, நாடியே இல்லையே!" என்று அலறினால் நீங்கள் பதறாதீர்கள். மறு கையைக் காட்டுங்கள்.

துண்டை எடுத்த இடம் குழியாக, உள்ளங்கை அளவுக்குத் திறந்து கிடக்குமே, அதை எப்படி மூடுகிறார்கள்? தொடையிலிருந்து காகிதம் மாதிரி மெல்லிய தோலைச் சீவி எடுத்து மேலே போர்த்தி விடுகிறார்கள். சில டாக்டர்கள் அடிவயிற்றிலிருந்து முழுத் தடிமனுள்ள தோலாக எடுக்கிறார்கள். வயிற்றில் எடுத்த இடத்தைக் கோடாகத் தைத்துவிடலாம். ஆக, கை நாக்குக்குக் கொடுத்தது. தொடை கைக்குக் கொடுத்தது. வேடிக்கை என்னவென்றால், முதல் வாரத்தில் பல நோயாளிகளை அதிகமாக வருத்துவது தொடைதான். தோல் சீவின இடம் முழங்கால் சிராய்ப்பைப் போல எரியும். சுமார் இரண்டு வாரத்தில் தானே ஆறிவிடும்.

இந்த ஒட்டுத் தோல் பிழைப்பது ஒரு நுட்பமான விஷயம். முதல் இரண்டு நாள் அடியிலிருந்து கசியும் நீரை உறிஞ்சித்தான் அது உயிரோடிருக்கிறது. பிறகு சிறுகச் சிறுக ரத்தக் குழாய்கள் அதற்குள் நுழைகின்றன. அந்தச் சமயத்தில் தோல் அசைந்தாலோ, அடியில் ரத்தம் கட்டினாலோ, சீழ் பிடித்தாலோ போயிற்று. ஒட்டு மாங்கன்று கட்டியவன் பிடித்துவிட்டதா என்று தினம் கட்டை அவிழ்த்துப் பார்த்தால் என்ன ஆகும்? அதனால்தான் மணிக்கட்டு அசையாமல் பட்டை வைத்துக் கட்டி, சாதாரணமாக ஐந்து முதல் ஏழு நாள் வரை பிரிக்காமல் விடுகிறார்கள். சர்க்கரை வியாதி கட்டுக்குள் இல்லாதவருக்கும், சிகரெட்டை விடாதவருக்கும் பிடிப்பது தாமதமாகும்.

முன்கையில் ஒரு விசேஷக் கஷ்டம் உண்டு. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நுனியோடு நுனி சேர்த்து, மணிக்கட்டைச் சற்று மடக்கிப் பாருங்கள். நடுவில் கயிறு போல ஒன்று எழும்புகிறதா? (சிலருக்குப் பிறவியிலேயே அது இருக்காது, கவலைப்பட ஒன்றுமில்லை.) இதை நாம் பேச்சு வழக்கில் நரம்பு என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது தசைநார். விரலையும் மணிக்கட்டையும் இழுக்கும் கயிறு. இப்படிப் பல கயிறுகள் அங்கே தோலுக்கு அடியிலேயே ஓடுகின்றன. அவற்றின் மேல் மெல்லிய உறை ஒன்று உண்டு. உறை இருந்தால்தான் ஒட்டுத் தோல் பிடிக்கும். உறை கிழிந்திருந்தாலோ, விரலை ஆட்டி ஆட்டித் தசைநார் அடியில் ஓடிக் கொண்டிருந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் தோல் கறுத்து உதிர்ந்து, வெள்ளை வெளேரென்று நார் தெரியும். கட்டுப் பிரிக்கும்போது இதைப் பார்க்கிற வீட்டுக்காரர்களுக்குத் தலை சுற்றும். எலும்பு தெரிகிறதோ என்று நினைத்துக் கொள்வார்கள். பயம் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். நார் காய்ந்து போகாமல் ஈரக் கட்டுப் போட்டு வந்தால் பெரும்பாலும் ஓரங்களிலிருந்து சதை வளர்ந்து மூடிக் கொள்ளும். ஆனால் வாரக்கணக்கில் ஆகும். சிலருக்கு மறுபடி ஒட்டுப் போட வேண்டி வரும். இந்தக் காயத்தின் மேல் மஞ்சளை அரைத்துப் பூசுவதும் விபூதி தூவுவதும் கூடவே கூடாது.

வாய் அறைக்குள் எலும்பும் வேண்டியிருந்தால், தாடைக்காக முன்கை எலும்பில் ஒரு சீவலையும் சேர்த்து எடுப்பதுண்டு. மிஞ்சிய எலும்பு பலவீனப்பட்டு, சின்ன விழுகையிலும் முறியக்கூடும். அதற்காக முன்கூட்டியே உலோகத் தகடு வைத்துப் பலப்படுத்துகிறார்கள். தாடைக்கு இப்போது கால் எலும்பைத்தான் அதிகம் உபயோகிக்கிறார்கள் என்பதால் இது குறைந்து வருகிறது.

வீடு திரும்பிய பிறகு

கட்டைவிரலின் பின்புறமும், அதற்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள இடமும் பலருக்கு மரத்துப் போகும். உணர்ச்சி நரம்பின் கிளைகள் அந்த வழியாகத்தான் போகின்றன. பல மாதங்களில் மரத்த இடம் சுருங்கும். சிலருக்குக் கொஞ்சம் நிரந்தரமாகவே தங்கும். சமையலறையில்தான் இதன் அபாயம். சூடான இட்லிக் கொப்பரையின் மூடி கட்டைவிரலின் பின்புறம் பட்டால் சுடுவது தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். இடுக்கியில்லாமல் பாத்திரம் இறக்குவதை நிறுத்த வேண்டும். குளிக்கும் வெந்நீரை மறு கையால் தொட்டுப் பாருங்கள். குளிர் தாங்காமல் கை விறைப்பதும் உண்டு. நம்மூர் வெயிலில் அது பெரிதாகத் தெரியாது, குளிர்பதன அறையில் உத்தியோகம் பார்ப்பவருக்குத் தெரியும்.

ஒட்டுத் தோலில் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் ஊறாது. வறண்டு, செதில் எழும்பி, அரிக்கும். நன்றாக ஆறிய பிறகு தேங்காய் எண்ணெயையோ வேறு பசையையோ தினம் இரண்டு மூன்று வேளை மெல்லத் தடவி வர வேண்டும். வெயில் பட்டால் திட்டுத் திட்டாகக் கறுக்கும். முழுக்கைச் சட்டை நல்லது.

பெண்களிடம் டாக்டர்கள் பேச மறக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தத் தழும்பு விழுவது சரியாக வளையல் அடுக்கும் இடத்தில். பள்ளமாக, நிறம் மாறி, ஒட்டுப் போட்ட துணி போலத் தெரியும். கல்யாண வீட்டில் கும்குமச் சிமிழை நீட்டும்போது நாலு பேர் கண் அங்கே போகும். உயிர் பிழைத்தது போதாதா, இது ஒரு குறையா என்று வீட்டு ஆண்கள் சொல்லிவிடுவார்கள். குறைதான். அதைக் குறை என்று சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்பே சொன்னால், வயிற்றுத் தோலை உபயோகிக்கலாமா, தொடைக்கு மாற்றலாமா என்று பேசலாம். கண்ணாடி வளையலை மட்டும் தோல் நன்றாக முற்றும் வரை ஒதுக்கி வையுங்கள். உடைந்து குத்தினால் மரத்த இடத்தில் தெரியாது.

ஆண்களுக்கு வேறு விதமான சங்கடம். முன்கையில் ரோமம் உள்ளவருக்கு, புது நாக்கின் மேலும் அது வளரும்! கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் சாப்பிடும்போது அருவருப்பாக இருக்கும். கதிர் சிகிச்சை நடந்தால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும்.

தழும்பின் ஓரத்தைத் தொட்டால் மின்சாரம் பாய்ந்தாற்போல் சுரீரென்கிறது என்பார்கள் சிலர். வெட்டுப்பட்ட நரம்பு நுனியின் வேலை அது. ரொம்பத் தொந்தரவானால் டாக்டரிடம் போக வேண்டும். லேசானதாக இருந்தால் தோலைப் பழக்குவார்கள். முதலில் பஞ்சு, பிறகு பட்டுத் துணி, அப்புறம் துவாலை என்று சொரசொரப்பைக் கூட்டிக் கொண்டே தினம் சில நிமிஷம் தேய்க்கச் சொல்வார்கள். காயம் முழுக்க ஆறிய பின், ஒரு பாத்திரம் நிறைய அரிசியைப் போட்டு அதில் கையைவிட்டுத் துழாவச் சொல்வதும் உண்டு. விரல்களுக்கும் மணிக்கட்டுக்கும் அதுவே தேகப்பயிற்சி. கல் பொறுக்கிப் பழகிய கைகளுக்கு இதை யாரும் புதிதாகக் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அரிசியை உலையில் போடுவதற்கு முன்னால் களைந்து விடுங்கள்.